பத்துப் பேர்ச், ஒரு பரப்பு, 253 சதுர மீற்றர்: அலகை மாற்றினால் எது மாறுகிறது?

வெள்ளவத்தையில் ஒரு காணி விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தரகர் அதைப் பத்துப் பேர்ச் என்பார். பார்க்க வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர் என்றால், ஏக்கருக்குப் பதினாறு பரப்பு, பரப்புக்குப் பத்துப் பேர்ச் என்று ஊரில் பழகிய கணக்கைப் போட்டு, "ஓ, ஒரு பரப்புக் காணி" என்பார். வீடு கட்டித்தரும் ஒப்பந்தகாரருக்கு அது 2,722 சதுர அடி. நில அளவையாளரின் வரைபடத்தில் 0.0253 ஹெக்டேயர். 10, 1, 2,722, 0.0253 என்று நாலு எண்கள் வந்துவிட்டன. காணி அப்படியே கிடக்கிறது. எல்லைக் கல் ஒன்றுகூட நகரவில்லை.

இதில் என்ன புதினம், எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். தெரிந்ததுதான். ஆனால் இந்தத் தெரிந்த விடயத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போனால், ஒரு சமன்பாடு பிழை என்பதைக் கணக்குச் செய்யாமலே சொல்லிவிடலாம். ஊசல் ஆடும் நேரத்துக்கும் குண்டின் திணிவுக்கும் தொடர்பில்லை என்பதைப் பரிசோதனை செய்யாமலே காட்டலாம். ஒரு பயணிகள் விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்துபோனது ஏன் என்பதும் விளங்கும்.

எண்ணும் அலகும்

நீளம், நேரம், திணிவு, வெப்பநிலை, மின்னோட்டம் போல அளக்கக்கூடியவற்றைப் பௌதிகக் கணியங்கள் என்கிறோம். அளப்பது என்றால், அதே வகையைச் சேர்ந்த ஒரு குறித்த அளவை எடுத்துக்கொண்டு, நம்மிடம் இருப்பது அதைப்போல் எத்தனை மடங்கு என்று கேட்பதுதான். எடுத்துக்கொண்ட அளவு அலகு. கிடைத்த மடங்கு எண்.

கணியம் = எண் × அலகு

ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் 1873 இல் வெளியிட்ட மின்காந்தவியல் நூலைத் தொடங்கியதே இந்தக் கருத்தோடுதான். இவ்வளவு பெரிய நூலுக்கு இவ்வளவு சின்ன விடயத்தில் தொடக்கமா என்று கேட்கலாம். அவர் காரணத்தோடுதான் செய்தார். மேலே உள்ள பெருக்கல் குறி அலங்காரம் அல்ல. அதை உண்மையான பெருக்கலாகவே எடுக்க வேண்டும். "10 பேர்ச்" என்பது அட்சரகணிதத்தில் வரும் 10 × அ போன்றதுதான். பேர்ச்சை விட்டுப் பத்து மடங்கு பெரிய பரப்புக்குப் போனால், எண் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. அலகு ஏறினால் எண் இறங்கும், அலகு இறங்கினால் எண் ஏறும், இரண்டும் ஒரே வீதத்தில். ஆகவே பெருக்கம் அசையாது.

இப்படி எடுத்துக்கொண்டால், அலகு மாற்றத்துக்குப் பெருக்குவதா பிரிப்பதா என்று தலையைச் சொறிய வேண்டியதில்லை. அலகு இருந்த இடத்தில் அதற்குச் சமமானதைப் போட்டால் போதும். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். எனவே,

10 பேர்ச் = 10 × (25.29 சதுர மீற்றர்) = 252.9 சதுர மீற்றர்

வேகத்துக்கும் இதே வழிதான். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையின் உச்ச வரம்பு மணித்தியாலத்துக்கு 100 கிலோமீற்றர். கிலோமீற்றர் இருக்கும் இடத்தில் 1,000 மீற்றர், மணித்தியாலம் இருக்கும் இடத்தில் 3,600 செக்கன் என்று போடுங்கள்:

100 × (1,000 மீற்றர்) ÷ (3,600 செக்கன்) = செக்கனுக்கு 27.8 மீற்றர்

வகுப்புகளில் இதை "5 ஆல் பெருக்கி 18 ஆல் பிரி" என்று மனனம் செய்விக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. பரீட்சை மண்டபத்தில் பதற்றத்தில் 5 மேலே போகுமா கீழே போகுமா என்று மறந்துவிட்டால் பிடிக்க வேறு கயிறு கிடையாது. அலகையே எழுதிப் பழகிய பிள்ளைக்கு மறக்க எதுவுமில்லை.

பரப்பளவு, கனவளவு என்று வரும்போது இந்தப் பழக்கம் இன்னும் கைகொடுக்கும். மீற்றருக்கு 3.28 அடி என்று தெரிந்தவர்கள், சதுர மீற்றரையும் 3.28 ஆல் பெருக்கிவிடுவது உண்டு. அலகை அடைப்புக்குள் போட்டு முழுவதையும் வர்க்கித்தால் சரியான விடை தானாக வரும்: (3.28 அடி) × (3.28 அடி) = 10.76 சதுர அடி. வர்க்கம் எண்ணையும் பிடிக்கும், அலகையும் பிடிக்கும்.

ஒரே வீட்டுக்கு வரும் இரண்டு பட்டியல்கள்

கொழும்பில் ஒரு வீட்டுக்கு மாதாமாதம் மின்சாரப் பட்டியலும் தண்ணீர்ப் பட்டியலும் வருகின்றன. ஒன்றில் 90 அலகு, மற்றதில் 15 அலகு என்று இருக்கட்டும். இரண்டையும் கூட்டி 105 அலகு என்று யாராவது சொன்னால் சிரிப்போம். மின்சார அலகு என்பது ஒரு கிலோவாற்று மணித்தியாலம், அதாவது 36 இலட்சம் யூல் சக்தி. தண்ணீர் அலகு என்பது ஒரு கன மீற்றர், அதாவது ஆயிரம் லீற்றர் கனவளவு. சக்தியையும் கனவளவையும் கூட்ட முடியாது.

இங்கேதான் அலகுக்குப் பின்னால் இருக்கும் இன்னொன்று தெரிகிறது. காணியைப் பேர்ச்சிலும் சொல்லலாம், ஹெக்டேயரிலும் சொல்லலாம். அது நம் விருப்பம். ஆனால் செக்கனிலோ கிலோகிராமிலோ சொல்ல முடியாது. அது நம் விருப்பத்துக்கு உட்பட்டதல்ல. கணியம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைத்தான் அதன் பரிமாணம் என்கிறோம். பரப்பளவின் பரிமாணம் நீளத்தின் வர்க்கம்; வேகத்தின் பரிமாணம் நீளத்தின் கீழ் நேரம்; அடர்த்தியின் பரிமாணம் திணிவின் கீழ் நீளத்தின் கனம். சமன்பாட்டின் உறுப்புகளெல்லாம் ஒரே பரிமாணத்தில் இருக்க வேண்டும் என்று முதலில் தெளிவாக எழுதியவர் ஜோசப் ஃபூரியே. வெப்பம் பரவுவதைப் பற்றி 1822 இல் வெளியிட்ட ஆய்வில் அது வருகிறது.

பரிமாணம் தெரியாமல் பணம் போகும் இடமும் இருக்கிறது. கூரையில் சூரியப் படலம் பூட்டித்தரும் ஆள் "ஐந்து கிலோவாற்று" என்கிறார். வீட்டுக்காரர் கையில் இருப்பது "மாதம் 300 அலகு" என்ற பட்டியல். கிலோவாற்று என்பது வலு, அதாவது ஒரு செக்கனில் எவ்வளவு சக்தி என்பது. பட்டியலில் இருக்கும் அலகு சக்தி. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்று எண் ஏதும் கிடையாது. எத்தனை மணித்தியாலம் என்று கேட்டால்தான் முடியும். பத்து வாற்று மின்குமிழ் நூறு மணித்தியாலம் எரிந்தாலும் ஓர் அலகு, ஆயிரம் வாற்று மின்னழுத்தி ஒரு மணித்தியாலம் ஓடினாலும் ஓர் அலகு.

வெப்பநிலை ஒரு முரட்டுப் பிள்ளை

இதுவரை சொன்ன விதியை மீறுவதுபோல் ஒரு கணியம் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் 102 என்கிறோம். அது பரனைட்டு. வானிலை அறிக்கையில் கொழும்பு 30 என்கிறார்கள். அது செல்சியஸ். ஒன்றை மற்றதாக மாற்ற வெறுமனே பெருக்கினால் போதாது: 102 இலிருந்து 32 ஐக் கழித்து 5 ஆல் பெருக்கி 9 ஆல் பிரிக்க வேண்டும், 38.9 வரும். எண் × அலகு என்ற விதிக்குள் இந்தக் கழித்தல் எங்கிருந்து வந்தது?

காரணம் பூச்சியம். காணியில் பூச்சியப் பேர்ச் என்றாலும் பூச்சிய ஹெக்டேயர் என்றாலும் ஒன்றுதான்: காணி இல்லை. ஆனால் பூச்சியம் பாகை செல்சியஸ் என்றால் வெப்பநிலை இல்லை என்று பொருளல்ல. தண்ணீர் உறையும் புள்ளி என்று பொருள். பரனைட்டில் பூச்சியம் வேறெங்கோ இருக்கிறது. இரண்டு அளவுகோல்களும் பாகையின் பருமனையும் தங்கள் விருப்பப்படி தெரிந்தெடுத்தன, தொடக்கப் புள்ளியையும் தங்கள் விருப்பப்படி தெரிந்தெடுத்தன. அதனால்தான் மாற்றும்போது இரண்டு வேலை.

இதன் விளைவு சுவாரசியமானது. கொழும்பில் 30 பாகை, நுவரெலியாவில் 15 பாகை என்றால் கொழும்பு இரண்டு மடங்கு சூடா? செல்சியஸில் 30 ஐ 15 ஆல் பிரித்தால் 2. அதே இரண்டு இடங்களையும் பரனைட்டில் பாருங்கள்: 86, 59. பிரித்தால் 1.46. நுவரெலியாவும் கொழும்பும் இருந்த இடத்திலேயே இருக்க, அலகு மாறியவுடன் "எத்தனை மடங்கு" என்ற கேள்விக்கு விடை மாறிவிட்டது. அலகை மாற்றியதும் மாறிவிடும் ஒன்று இயற்கையைப் பற்றிய செய்தியாக இருக்க முடியாது. ஆகவே செல்சியஸில் மடங்கு பேசுவது பொருளற்றது.

கெல்வின் அளவுகோலில் பூச்சியம் உண்மையான பூச்சியம், செல்சியஸில் மறை 273.15. அங்கே கொழும்பு ஏறக்குறைய 303, நுவரெலியா 288. வீதம் 1.05. வாயு விதிக் கணக்குகளில் கெல்வினுக்கு மாற்றச் சொல்லி ஆசிரியர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான். மடங்கு வரும் எந்தச் சமன்பாட்டிலும் செல்சியஸ் எண்ணை அப்படியே போட்டால் விடை குப்பை.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். வெப்பநிலை 2 பாகை செல்சியஸ் கூடியது என்றால் அது 3.6 பாகை பரனைட்டு கூடியதற்குச் சமம். அங்கே 32 வராது, ஏனென்றால் இரண்டு வெப்பநிலைகளைக் கழிக்கும்போது தொடக்கப் புள்ளி அடிபட்டுப் போகிறது. பூமி 2 பாகை சூடாவதைப் பற்றிய செய்தியை 35.6 பாகை பரனைட்டு என்று மொழிபெயர்த்தால், உலகம் வெந்தே போயிருக்கும்.

அலகில்லாத 1.77

1983 யூலை 23 ஆம் திகதி, எயார் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட்டது. கனடா அப்போது மெற்றிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த விமானம் எரிபொருளைக் கிலோகிராமில் கணக்கிடும் புது வகை. எரிபொருள் மானி பழுது. ஆகவே தாங்கிக்குள் குச்சி விட்டு அளந்தார்கள். இருந்தது 7,682 லீற்றர். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோகிராம். லீற்றரைத் திணிவாக்க அடர்த்தி வேண்டும். அவர்கள் கையில் இருந்த எண் 1.77.

7,682 × 1.77 = 13,597
22,300 − 13,597 = 8,703
8,703 ÷ 1.77 = 4,917

4,917 லீற்றர் ஊற்றினார்கள். பெருக்கல், கழித்தல், பிரித்தல் மூன்றும் சரி. ஒட்டாவாவில் தரித்தபோது மறுபடி அளந்து, அதே 1.77 ஆல் மறுபடி சரிபார்த்தார்கள். மறுபடியும் சரி வந்தது.

1.77 என்பது ஒரு லீற்றர் எரிபொருளில் எத்தனை இறாத்தல் என்பது. கிலோகிராமில் அது 0.8 தான். இனி அதே கணக்கை அலகோடு எழுதிப் பாருங்கள். முதல் வரியில் 13,597 இறாத்தல் வரும். இரண்டாம் வரி "22,300 கிலோகிராம் − 13,597 இறாத்தல்" என்று நிற்கும். அங்கேயே கை நின்றுவிடும். ஊற்ற வேண்டியிருந்தது 20,000 லீற்றருக்கும் மேல். ஊற்றியது அதில் கால்வாசி.

41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்த விமானத்தின் எரிபொருள் தீர்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இயந்திரங்களும் நின்றன. விமானிகள் அதை மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். அன்று அந்த ஓடுபாதை கார்ப் பந்தயக்காரர்கள் கையில் இருந்தது. விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர் தப்பினர். (விமானத்தின் உயரத்தை இன்றும் அடியில்தான் சொல்கிறார்கள். கட்டுநாயக்கவில் இறங்குகிற விமானத்துக்கும் அதே கதைதான்.)

1999 இல் செவ்வாயை நெருங்கிய நாசாவின் விண்கலம் ஒன்று தொலைந்ததும் இதே வகைப் பிழையால்தான். உந்துகையை ஒரு தரப்பு இறாத்தல் விசையில் கொடுக்க, மற்றத் தரப்பு அதை நியூற்றன் என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் 4.45 மடங்கு.

கவனிக்க வேண்டியது: இந்த இரண்டு பிழைகளையும் பரிமாணம் பார்த்துப் பிடிக்க முடியாது. இறாத்தலும் கிலோகிராமும் ஒரே பரிமாணம். அலகை எண்ணோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனால்தான் பிடிபடும். பரிமாணம் பிடிக்கும் பிழை வேறு வகை.

செக்கனில் சரி, நிமிடத்தில் பிழை

உயர்தரப் பிள்ளை ஒருவர் அவசரத்தில் இப்படி எழுதுகிறார்:

இடப்பெயர்ச்சி = தொடக்க வேகம் + ½ × ஆர்முடுகல் × நேரம் × நேரம்

தொடக்க வேகத்தை நேரத்தால் பெருக்க மறந்துவிட்டார். தொடக்க வேகம் செக்கனுக்கு 10 மீற்றர், ஆர்முடுகல் (வேகம் கூடும் வீதம்) செக்கனுக்குச் செக்கன் 2 மீற்றர், நேரம் ஒரு செக்கன் என்று கொடுத்தால், பிழையான சமன்பாடு 10 + 1 = 11 என்று விடை தரும். சரியான சமன்பாடும் 11 மீற்றர்தான் தரும்! ஆகவே எண் சரிவந்துவிட்டது என்பதை நம்பிவிடக் கூடாது.

இப்போது நேரத்தின் அலகை மட்டும் நிமிடமாக்குங்கள். வேகம் நிமிடத்துக்கு 600 மீற்றர். ஆர்முடுகலில் நேரம் இருமுறை வருவதால் அது 2 × 60 × 60 = 7,200. நேரம் அறுபதில் ஒரு நிமிடம். சரியான சமன்பாடு இப்போதும் 10 + 1 = 11 மீற்றர் தருகிறது. பிழையான சமன்பாடு 600 + 1 = 601 தருகிறது. வண்டி ஒன்றே, ஓட்டம் ஒன்றே. மணிக்கூட்டை வேறு அலகில் வாசித்ததற்காக வண்டி ஐம்பத்தைந்து மடங்கு தூரம் போய்விடாது.

பரிமாணச் சோதனையின் உயிர் இதில்தான் இருக்கிறது. இரு பக்கமும் ஒரே பரிமாணமாக இருக்க வேண்டும் என்பது ஆசிரியர் போட்ட சட்டமல்ல. அலகை மாற்றும்போது ஒவ்வோர் உறுப்பும் அதன் பரிமாணப்படி மாறும். எல்லா உறுப்புகளும் ஒரே பரிமாணத்தில் இருந்தால் எல்லாம் சேர்ந்தே மாறும், சமன்பாடு பிழைக்கும். ஒன்று மட்டும் வேறு பரிமாணம் என்றால், செக்கன் பாவிப்பவருக்கு உண்மையான விதி நிமிடம் பாவிப்பவருக்குப் பொய்யாகிவிடும்.

இதையே முன்னோக்கியும் பயன்படுத்தலாம். நூலில் கட்டிய குண்டு ஒன்று சிறிய கோணத்தில் ஆடுகிறது. ஒருமுறை போய்வர எடுக்கும் நேரம் எவற்றில் தங்கியிருக்கும்? நூலின் நீளம், குண்டின் திணிவு, புவியீர்ப்பு ஆர்முடுகல் என்று மூன்றைச் சந்தேகிக்கலாம். விடை நேரம். திணிவின் அலகு விடையில் வரக்கூடாது. மற்ற இரண்டிலும் திணிவு இல்லாததால், அதை அடிக்க ஆளில்லை. எனவே திணிவு வெளியே. மிச்சம் நீளமும் ஆர்முடுகலும். நீளத்தை ஆர்முடுகலால் பிரித்தால் நேரத்தின் வர்க்கம் வரும். அப்படியென்றால் அலைவு காலம், நீளம் ÷ ஆர்முடுகல் என்பதன் வர்க்கமூலத்துக்கு விகிதசமமாகத்தான் இருக்க முடியும். முன்னால் நிற்கும் 2π ஐ மட்டும் இந்த முறை தராது, அதற்கு இயக்கவியல் வேண்டும். ஒரு மீற்றர் நூலுக்கு விடை ஏறக்குறைய 2 செக்கன்.

ஒரு பக்கம் போக ஒரு செக்கன் எடுக்கும் ஊசலின் நீளத்தையே மீற்றராக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு காலத்தில் யோசித்தார்கள். நல்ல யோசனைதான், ஆனால் புவியீர்ப்பு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 1672 இல் ஜோன் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், மத்திய கோட்டுக்கு அருகிலுள்ள கயென் நகரில் தன் ஊசல் மணிக்கூடு பிந்துவதைக் கண்டார். கொழும்பும் மத்திய கோட்டுக்கு அருகில்தான். பாரிஸில் சரியாக ஓடும் ஊசல் மணிக்கூட்டைக் காலி முகத்திடலில் கொண்டுவந்து வைத்தால், நாளுக்கு இரண்டு நிமிடமளவில் பிந்தும். சரிசெய்ய ஊசலை 3 மில்லிமீற்றரளவு குறைக்க வேண்டும். அந்த யோசனையை ஏற்றிருந்தால் பாரிஸ் மீற்றர், கொழும்பு மீற்றர் என்று இரண்டு வந்திருக்கும்.

போகிற போக்கில் ஒன்று. மழைவீழ்ச்சியை மில்லிமீற்றரில் சொல்கிறார்களே, தண்ணீருக்கு எப்படி நீள அலகு? கனவளவை அது விழுந்த பரப்பளவால் பிரித்தால் மிஞ்சுவது நீளம். ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் விழுந்தால் ஒரு மில்லிமீற்றர். அதே கணக்கில், லீற்றருக்கு 20 கிலோமீற்றர் ஓடும் காரை எடுத்து, ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு எரிபொருள் என்று திருப்பிக் கேட்டால், கனவளவின் கீழ் நீளம், அதாவது பரப்பளவு வரும்: 0.05 சதுர மில்லிமீற்றர். கார் போகும் வழியெல்லாம் அந்தத் தடிப்பில் பெற்றோல் நூலொன்று கட்டி வைத்திருந்தால், கார் அதை உறிஞ்சிக்கொண்டே போகலாம். விசரத்தனமாகத் தெரிந்தாலும் கணக்குச் சரி.

அலகை யார் வைப்பது?

அலகு நம் விருப்பம் என்றால், ஆளுக்கொன்று வைக்கலாமா? வைத்தார்கள், சந்தை கலவரமானது. 1875 மே 20 ஆம் திகதி பாரிஸில் மீற்றர் உடன்படிக்கை கையெழுத்தானது. இலங்கையில் இன்று இந்த வேலையைப் பார்ப்பது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம். அதற்கான சட்டம் 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம். ஆனாலும் கடையில் ஓர் இறாத்தல் பாண்தான் கேட்கிறோம். நிறுத்துப் பார்க்கும் அதிகாரி தேடுவது 450 கிராம். உண்மையான இறாத்தல் 453.59237 கிராம். இந்த எண் அளந்து கண்டது அல்ல, 1959 இல் ஆங்கில அலகு பாவித்த நாடுகள் கூடி வைத்தது. அங்குலமும் அப்படித்தான், மிகச் சரியாக 25.4 மில்லிமீற்றர். இறாத்தல், அடி, பேர்ச் எல்லாம் இப்போது கிலோகிராமுக்கும் மீற்றருக்கும் பிறந்த பிள்ளைகள்.

அந்தக் கிலோகிராம் 1889 இலிருந்து பாரிஸுக்கு அருகே செவ்ரெஸில் பூட்டி வைத்த ஒரு பிளாற்றினம் இரிடியம் உருளை. நூறு வருடத்தில் அதற்கும் அதன் பிரதிகளுக்கும் இடையே 50 மைக்கிரோகிராமளவு வேறுபாடு தோன்றியது. உருளை குறைந்ததா, பிரதிகள் கூடினவா? வரைவிலக்கணப்படி உருளை ஒரு கிலோகிராமிலிருந்து விலகவே முடியாது. அதைச் சுரண்டினால் பிரபஞ்சத்தின் மற்றப் பொருளெல்லாம் கனத்துவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும். 2019 மே 20 இல் உருளைக்கு ஓய்வு கொடுத்தார்கள். இப்போது பிளாங் மாறிலி என்ற, எங்கும் மாறாத இயற்கைக் கணியத்தின் எண் பெறுமானத்தை நிலையாக வைத்து, அதிலிருந்து கிலோகிராமைப் பெறுகிறார்கள். மீற்றருக்கு 1983 இலேயே அப்படிச் செய்தாகிவிட்டது: ஒளி செக்கனுக்கு 299,792,458 மீற்றர் என்று வைத்து, அதிலிருந்து மீற்றர்.

ஆகவே ஒளியின் கதியை இனி மீற்றரில் "அளக்க" முடியாது. பிள்ளைகள் பாடமாக்கும் அந்த எண், நம் மீற்றருக்கும் செக்கனுக்கும் உள்ள தொடர்பு மட்டுமே. ஒரு செக்கனில் ஒளி போகும் தூரத்தையே நீள அலகாக வைத்துக்கொண்டால், ஒளியின் கதி 1. துகள் பௌதிகவியலாளர்கள் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் வேலை செய்கிறார்கள்.

அலகு மாறினாலும் மாறாத எண்களும் இருக்கின்றன. செட்டியார் தெருவில் வாங்கும் 22 கரட் நகையில் தங்கம் 24 இல் 22 பங்கு, 0.916. பவுணில் நிறுத்தாலும் கிராமில் நிறுத்தாலும் அந்தப் பங்கு அதேதான், ஏனென்றால் திணிவைத் திணிவால் பிரித்ததும் அலகு அடிபட்டுவிட்டது. புரோத்தன் இலத்திரனைப்போல் 1,836 மடங்கு திணிவானது என்பதும் இந்த வகை. மின்விசையின் வலிமையைக் குறிக்கும் நுண்கட்டமைப்பு மாறிலியும் அப்படி: ஏறக்குறைய 1/137, எந்த நாட்டு அலகில் கணக்கிட்டாலும் அதுவே.

இயற்கை மாறிலிகள் காலப்போக்கில் மாறுகின்றனவா என்று தேடும் வானியலாளர்கள் அதனால்தான் இப்படிப்பட்ட அலகற்ற எண்களையே தேடுகிறார்கள். ஒளியின் கதி மாறியது என்று சொன்னால், மாறியது ஒளியா மீற்றர் கோலா என்ற கேள்வி உடனே எழும். 1/137 மாறினால் அப்படி நழுவ இடமில்லை. குவேசார் எனப்படும் மிகத் தொலைவிலுள்ள பிரகாசமான விண்பொருட்களிலிருந்து கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியில் உள்ள நிறமாலைக் கோடுகளின் இடைவெளிகளை இன்றைய ஆய்வுகூடக் கோடுகளோடு ஒப்பிட்டு அதைச் சோதிக்கிறார்கள். எல்லோரும் ஏற்றுக்கொண்ட மாற்றம் எதுவும் இதுவரை அதில் கிடைக்கவில்லை.